கூட்டக் குறிப்பில் சேராதவை

பதினேழு முதியோர் இல்லங்கள், ஒரு கூட்டமைப்பு.
அலுவலகம் என்று கேட்டால்
லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில்
காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை.
விஸ்கான்சின் பனி சன்னலில் பாதிவரை ஏறிவிட்டது.
நான் செயலாளர். சம்பளம் கிடையாது.
முப்பது வருஷம் தபால் பிரித்த கை
இப்போது யார் எதைச் சொன்னார்கள் என்று பிரிக்கிறது.

தீர்மானம் நான்கு:
எல்லோரையும் காலை ஐந்தரைக்கு எழுப்பும் வழக்கத்தை
நிறுத்துவது.
முன்மொழிந்தவர் ஆர்டிஸ் டோலஃப்சன், அறை பதினொன்று.
அறை எண்ணை அடிக்கச் சொன்னார். அடித்தேன்.
நடன மண்டபங்களில் அக்கார்டியன் வாசித்து
விடிகிற நேரத்துக்கு வீடு திரும்பியவர்.
"நான் பார்த்த சூரியோதயமெல்லாம்
படுக்கப் போகிற வழியில் பார்த்தது.
இங்கே வந்த பிறகுதான்
எழுந்து உட்கார்ந்து பார்க்க வைக்கிறார்கள்.
இந்தப் பக்கத்திலிருந்து அது அவ்வளவு அழகாக இல்லை."

நிர்வாகி கிளேட்டன் ப்ரூம் விரல் மடக்கினார்:
நாற்பத்திரண்டு பேர்,
இரவில் இரண்டே உதவியாளர்கள்,
ஏழுக்கு ஷிஃப்ட் மாறும்,
ஏழே காலுக்குச் சமையலறை மூடும்.
கெட்ட மனிதர் இல்லை.
விரல் போதாமல் போனதுதான் அவர் குற்றம்.

இரவு வேலை முடித்து
சீருடைமேல் கோட்டு மாட்டி வந்திருந்த மைசி லோர்
பின்வரிசையில் எழுந்தாள்.
"தூங்குகிறவரை எழுப்பி, சட்டை மாட்டி,
சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிறேன்.
அவர் அதிலேயே தூங்கிவிடுகிறார்.
ஒரு தூக்கத்தை
ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த
எனக்குச் சம்பளம் தருகிறீர்கள்."

பணியாளர் தரப்பில் ஆதரவு, என்று எழுதினேன்.
வேறு எப்படி எழுதுவது?

நிறைவேறியது. ப்ரூம் வாக்களிக்கவில்லை.
மார்ச்சில் ஐந்தரை விளக்குகள் அணைந்தே கிடந்தன.
ஆர்டிஸ் பத்து மணிவரை தூங்கி
ரொட்டியைக் கருக வாட்டித் தரச் சொன்னார்.
நாங்கள் கேக் வெட்டினோம்.

அப்புறம் அந்தக் கடிதம்.
பென்சில் எழுத்து. மைலோ ஹ்ருஸ்கா, அறை நான்கு.

"எழுபது மாடு வைத்திருந்தேன்.
கல்யாணத்தன்றும் நாலு மணிக்குப் பால் கறந்தேன்.
முன்பு ஐந்தரைக்காவது ஒரு ஆள் வருவார்.
இப்போது எட்டு மணிவரை
கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.
எல்லோரையும் தூங்க விட்டீர்கள், நல்லது.
என்னையும் அந்த எல்லோரில் சேர்த்துவிட்டீர்கள்."

தபால்காரனுக்குத் தெரியும்:
'குடியிருப்பவர்' என்று மட்டும் எழுதிய உறையை
யாரும் தன் பெயருக்கு வந்ததாக நினைப்பதில்லை.
பிரிக்காமலே குப்பைக்குப் போகும்.
நாங்கள் அனுப்பியதும் அப்படியொரு உறைதான்,
கொஞ்சம் நல்ல காகிதத்தில்.

கட்டம் போட்ட படிவங்களைக் கிழித்தோம்.
மைசி வெறுந்தாளோடு கட்டில் கட்டிலாக உட்கார்ந்தாள்.
ஒரு வாரம் என்று போனவளுக்கு மூன்று மாதம் ஆனது.
வெர்னா கோட்சால்க் பேச்சை இழந்து இரண்டு வருஷம்.
அவள் தாளில் மைசி எழுதியிருந்தது இவ்வளவுதான்:
"இடது கையை முதலில் சட்டைக்குள் விட்டால்
வலது கை தானாக வருகிறது."

நாலு மணிக்குச் சமையலறைப் பூட்டைத் திறக்க
ஆறு வாரம், இரண்டு ஆய்வாளர்கள்,
காப்பிச் சூடு பற்றி ஒரு நீண்ட விவாதம்.
ஒருநாள் பார்க்கப் போனேன்.
மைலோ, காலில் பூட்ஸ்,
இருட்டுக்கு எதிரே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.
மைசி பக்கத்தில் கணக்கு எழுதினாள்.
இருவரும் பேசவில்லை. எனக்கும் ஒரு கோப்பை வந்தது.

ஜூன் கூட்டம்.
தீர்மானம் ஒன்பது:
விடியுமுன் தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம்.
முன்மொழிந்தவர் ஆர்டிஸ் டோலஃப்சன்.
மைலோ மறுத்தார். வெறுங்காலோடு
எந்த மாடும் தன்னை மதித்ததில்லை என்றார்.
ப்ரூம் முதல்முறையாகச் சிரித்தார்.
விவாதம் நீண்டது.
பக்கத்தைத் திருப்பி
எழுதிக்கொண்டே இருந்தேன்.